அட்டையில் இரண்டு வரி

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் முள்ளு திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வரப்பில் யார் வந்து நின்றாலும் அவளுடைய முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

வெங்காயம் பிடுங்கி ஐந்து நாளாகியிருந்தது. வயல் முழுக்க வரிசை வரிசையாகக் கிடந்து, தாள் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. அந்தப் பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் தாளையும் வேரையும் கத்தரித்து, சாக்கில் நிரப்பி, வாயைத் தைத்து ஏற்றிவிட வேண்டும். நடுவில் ஒரு மழை விழுந்துவிட்டால் வெங்காயம் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அழுகிப் போயிருக்கும். மேற்கே காலையிலிருந்தே மேகம் திரண்டுகொண்டிருந்ததால் குழுவில் இருபத்திரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. இடது கை வெங்காயத்தைத் தூக்கும், வலது கைக் கத்தரிக்கோல் மேலே ஒன்று, கீழே ஒன்று. சடக், சடக். வயல் முழுக்க அந்தச் சத்தம்தான்.

முள்ளு என்பது குழு அவளுக்கு வைத்த பெயர். அவளிடம் நல்ல வார்த்தை பேசப் போனவர்கள்கூடக் கீறல் இல்லாமல் திரும்பியதில்லை. அவள் புருஷனுக்குச் 'சரிங்க' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வரும். கல்யாணத்தன்றே அவன் பங்குப் பேச்சையும் சேர்த்து முள்ளு வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். முள்ளுவுக்கும் சரிங்கவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு நான்கு.

ஸ்கூட்டரில் வந்தவள் ஒரு டீச்சர். வயலுக்கு வயல் குடிபெயர்ந்து போகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பின்தொடர்வதுதான் அவள் வேலை. எங்கே போய் இறங்குகிறார்களோ அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், கிளம்பும்போது அவர்களுடைய காகிதங்களை அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். நாற்பது வயதிருக்கும். தலைமுடியெல்லாம் புழுதி. கையில் ரப்பர் பேண்டு போட்ட தடித்த ஃபைல். வயலுக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை.

"அம்மா, உங்க பெரிய பொண்ணு நாலு நாளா ஸ்கூலுக்கு வரல."

"தெரியும். நாலு நாளா இங்கதான் இருக்கா. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

"ஏன் வரலன்னு கேட்டீங்களா?"

"பிடிக்கலன்னா. பிடிக்காத சோத்தையே ஊட்ட முடியல, பிடிக்காத படிப்பை எங்க ஊட்டறது?"

பக்கத்து வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் நகரவில்லை. மேஸ்திரி தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் முள்ளுவின் கூடப் பிறந்த அண்ணன். குழுவைச் சேர்ப்பது, வேலை பேசுவது, லாரி பிடிப்பது எல்லாம் அவன்தான்.

"டீச்சரம்மா, வண்டியத் தள்ளி நிறுத்துங்க. டிராக்டர் திரும்பணும்."

"ரெண்டு நிமிசம் பேசிட்டுப் போயிடறேன்."

"நீங்க ரெண்டு நிமிசம் பேசினா இவங்க பத்து நிமிசம் கேப்பாங்க. மேகத்தப் பாத்தீங்களா? பெரியவ இங்க சும்மா இல்ல. அங்க பாருங்க."

வயலின் ஓரத்தில் நான்கு கொம்பு நட்டுக் கட்டிய தார்ப்பாய். அதன் நிழலில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஆறு குழந்தைகள். ஒன்று தூங்கியது, ஒன்று மண்ணைத் தின்றது, ஒன்று வாய்க்காலைப் பார்த்து நடந்தது. பெரியவள் எட்டி அதன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அவ இல்லன்னா ஆறு பொம்பளைங்க பத்து வாட்டி எழுந்து போவாங்க. வரிசை நின்னுடும். புரியுதா?" என்றான் மேஸ்திரி.

"எம்புள்ள அவகிட்டதான் இருக்கும்," என்றாள் சாக்குத் தைக்கிறவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நீங்க அவளக் கூட்டிட்டுப் போனா நான் எம்புள்ளையச் சாக்குல போட்டா தைக்கறது?"

முள்ளு பக்கத்தில் கிடந்த ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள். பூனைமுகம் போட்ட பள்ளிக்கூடப் பை. ஒரு காது கிழிந்திருந்தது. "ரெண்டு இடத்துக்கு முன்னாடி உங்கள மாதிரியே ஒருத்தி வந்தா. இதக் குடுத்தா, போட்டோ எடுத்தா, ஸ்கூல்ல சேத்தாச்சுன்னா. மறுநாள் போனா டீசி எங்கன்னு கேட்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. பை மட்டும் நல்ல பை. கத்தரிக்கோல் வச்சிருக்கேன்."

"நான் பை குடுக்க வரல."

"அப்ப இன்னும் மோசம். வெறுங்கையோட வந்திருக்கீங்க."

மறுபடியும் சிரிப்பு. டீச்சருடைய முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று தார்ப்பாயை நோக்கி நடந்தாள்.

"பாப்பா, மூணாம் வகுப்புல உக்கார வச்சாங்களே, அதனாலயா?"

பெரியவள் மண் தின்ற குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளைகளோடு, முழங்கால் இடிக்கிற பெஞ்சில் மூன்று வாரம் உட்கார்ந்தவள் அவள். அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

"சொல்லும்மா. யாராவது கேலி பண்ணாங்களா?"

"அட்டையைப் படிச்சேன்."

டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் படித்தது, என்ன தெரியும், எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று எழுதி, பிள்ளையோடு ஊர் ஊராகப் போகிற அட்டை. நான்கு நாளைக்கு முன் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து அட்டைக் கட்டை டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பெரியவள் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

"என்ன அட்டை?" முள்ளு இப்போதுதான் திரும்பினாள். "அதுல என்ன இருக்கு?"

"அது ஒரு மதிப்பீடும்மா. அந்த நேரத்துல குழந்தையோட நிலை..."

"புரியற மாதிரி சொல்லுங்க."

டீச்சர் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டாள். பதில் தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்தது.

"மந்தபுத்தின்னு எழுதியிருக்கு. சிவப்பு மையில."

கத்தரிக்கோல்கள் நின்றன. முள்ளு எழுந்து, மடியிலிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு, வரிசையைத் தாண்டி வந்தாள்.

"இந்த அட்டை எங்கெங்க போகும்?"

"அவ சேர்ற எல்லா ஸ்கூலுக்கும்."

"எழுதினது நீயா?" அதுவரை இருந்த 'நீங்க' காணாமல் போய்விட்டது.

"நான் இல்ல. ஹெட்மாஸ்டர்."

"நீ பாத்துக்கிட்டு நின்ன."

"சண்டை போட்டேன். நம்புங்க. எழுதினவர்தான் மாத்த முடியும்னு விதி. பெத்தவங்க நேர்ல வந்து கேட்டா அவரு தட்ட முடியாது. நீங்க நாலாம் நாள் கிளம்பறீங்க. அதுக்குள்ள வரணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

முள்ளு திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு சாயங்காலம் வரை அவள் கத்தரித்த வேகத்துக்குப் பக்கத்து வரிசைக்காரிகள் ஈடுகொடுக்க முடியவில்லை.

தகரக் கொட்டகையில் குடும்பத்துக்கு ஓர் அறை. நான்கு பேர் படுத்தால் கதவைச் சாத்த முடியாது. பகலெல்லாம் வெயில் குடித்த தகரம் பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. சரிங்க அடுப்பில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்குப் போகப் போறியாமே."

"போறேன்."

"பதம் தவறினா முதலாளி என்னத்தான் கேப்பான். வரிசையை விட்டு எழுந்தின்னா லாரியில உனக்கு இடம் கிடையாது."

"லாரி உங்கப்பன் வாங்கி விட்டதா?"

"உனக்கும் அவருதான்டி அப்பன்!"

"அதான் சொல்றேன். அவரு ஒரு சைக்கிள்கூட வாங்கல."

அடுப்புப் பக்கமிருந்து சரிங்க சிரித்தான். மேஸ்திரி முறைத்ததும் கிழங்கைக் குத்திப் பார்க்க ஆரம்பித்தான்.

"தங்கச்சின்னு பாக்கறேன்," என்றான் மேஸ்திரி.

"பாக்காத. நான் உன்ன அண்ணன்னு பாத்து ரொம்ப நாளாச்சு."

அவன் போன பிறகு சரிங்க கிழங்கை இறக்கிவைத்தான். தோலை உரித்துச் சின்னவளுக்கு ஊதி ஊதிக் கொடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீ போயிட்டு வா. உன் வரிசையையும் நான் பாத்துக்கறேன்."

"உன்னால முடியாது."

"முடியாதுதான். இருந்தாலும் போயிட்டு வா."

முள்ளு பெரியவளைப் பார்த்தாள். அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து கேட்க நினைத்து விழுங்கிக்கொண்டிருந்ததை முள்ளு இப்போது கேட்டாள்.

"உனக்கு நிசமாவே படிப்பு வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிடு. நான் அங்க போய்க் கத்திட்டு, அப்புறம் தலை குனிஞ்சு வர முடியாது."

"தெரியல."

"தெரியலன்னா?"

"அவங்க கேட்ட கணக்கு பின்னம். அந்தப் பாடத்த நான் பாத்ததே இல்ல. ஒரு ஸ்கூல்ல நாம போறதுக்கு முன்னாடியே நடத்தி முடிச்சிருப்பாங்க. இன்னொரு ஸ்கூல்ல நாம கிளம்பின பிறகு நடத்துவாங்க. மழை எப்படிப் பெய்யுதுங்கற பாடத்த அஞ்சு ஊர்ல படிச்சாச்சு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். பாக்காத பாடம் எனக்கு வருமா வராதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. முள்ளு ஒரு கிழங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். "தின்னு," என்றாள்.

மறுநாள் காலை டீச்சர் ஸ்கூட்டரில் வந்து நின்றபோது மற்ற பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தார்ப்பாயின் கீழே குழந்தைகளை ஒரு கயிற்று வளையத்துக்குள் உட்காரவைத்துவிட்டு, சின்னவளைக் காவலுக்கு நிறுத்தியிருந்தாள் பெரியவள். மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடம் நீளமான ஒற்றை மாடிக் கட்டடம். முன்பக்கச் சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சு. அவர்கள் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்த கிளார்க் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டான். வெங்காய வாசனை அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அவன் எதற்குத் திறந்தான் என்பது முள்ளுவுக்கு நன்றாகப் புரிந்தது.

"இன்னும் கொஞ்சம் அகலமாத் திறங்க. வெளிய உள்ள வாசனையும் உள்ள வரட்டும்," என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஒல்லியான மனிதர். மேசையில் மாத்திரை அட்டைகள், பக்கத்தில் மூடிவைத்த தண்ணீர்.

"டீச்சர், இவங்களை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நானாத்தான் வந்தேன்," என்றாள் முள்ளு. "அவங்க வழி காட்டினாங்க. எம்பொண்ணு மந்தம்னு எழுதியிருக்கீங்களாம். மாத்தணும்."

"பரீட்சை வச்சேன். தெரியல. எழுதினேன். இதுல மாத்தறதுக்கு என்ன இருக்கு?"

"சார், ஒரு தடவை வச்ச பரீட்சை. அதுவும் அவ படிக்காத பாடத்துல," என்றாள் டீச்சர்.

ஹெட்மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "உங்களுக்கு ஃபைலைத் தூக்கிக்கிட்டுச் சுத்தறதுதான் வேலை. இங்க எழுபது பேர் உக்கார்ற வகுப்புல மூணு வாரத்துக்குப் பத்துப் பேரைக் கொண்டுவந்து தள்ளறீங்க. வெங்காயத்தோட வர்றாங்க, வெங்காயத்தோட போறாங்க. வருசக் கடைசிப் பரீட்சைக்கு ஒருத்தரும் இருக்கறதில்ல. அவ்வளவு பேரும் ஃபெயில்னு என் ஸ்கூல் பேர்ல ஏறுது. மேலிடத்துல என்னைத்தான் நிக்கவச்சுக் கேக்கறாங்க, உங்களை இல்ல. மந்தம்னு போட்டா அந்தப் பிள்ளை தேர்ச்சிப் பட்டியல்ல சேராது. அவங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல."

"அதுக்காக எல்லா அட்டையிலயும் அதையே எழுதுவீங்களா சார்?"

"எல்லா அட்டையிலயுமா?" என்றாள் முள்ளு.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவள் மாதிரி ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். ஒன்பது அட்டைகள். முள்ளுவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்பதிலும் ஒரே இடத்தில், ஒரே சிவப்பில், ஒரே வளைவும் சுழிப்புமாக ஒரே சொல் இருப்பது தெரிந்தது.

"இது யாருது?"

"மேஸ்திரி மாமா பையனுது," என்றாள் பெரியவள்.

"நல்லா இருக்கு. ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வச்சிருந்தா கையாவது வலிக்காம இருந்திருக்கும்," என்றாள் முள்ளு ஹெட்மாஸ்டரிடம். "எம்பொண்ணுக்குப் புத்தி இல்லன்னு எழுதிட்டு எனக்குத் தொந்தரவு இல்லங்கறீங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க வா," என்று பெரியவளைக் கூப்பிட்டார். "அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா எவ்வளவு?"

பெரியவள் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தாள். "அஞ்சுல ரெண்டு."

அவர் டீச்சரைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா? அரைகூட இல்லையாம். அரையோட இன்னொண்ணச் சேத்தா அரையை விடக் குறையுமா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். அஞ்சுல ரெண்டு சரியா தப்பா என்று முள்ளுவுக்குத் தெரியாது. ஆனால் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஒரு கணம் நேற்றிரவு வந்த பயம் திரும்ப வந்தது. அதை அவள் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை.

"இத அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இது அஞ்சாம் வகுப்புப் பாடம்."

"சொல்லிக் குடுத்தீங்களான்னு கேட்டேன்."

"இல்ல."

"அப்ப இப்பச் சொல்லிக் குடுங்க. சொல்லிக் குடுத்துட்டுக் கேளுங்க. அப்பவும் வரலன்னா மந்தம்னே இருக்கட்டும், அழியாத மையா நானே வாங்கித் தர்றேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா? வெளிய போங்க."

முள்ளு போனாள். அறையின் நிலைப்படி வரை போய், அங்கேயே குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். வயலில் உட்காருகிற மாதிரி, நாள் முழுக்க எழுந்திருக்காதவள் உட்காருகிற தினுசு. கிளார்க் வந்து கத்தினான். மணி அடித்தது. ஒரு வாத்தியார் கையெழுத்துப் போட வந்து, அவளைத் தாண்டுவதா வேண்டாமா என்று தயங்கித் திரும்பிப் போனார். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் முளைத்தன.

"என்னம்மா இது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"வரிசையை விட்டுட்டு வந்திருக்கேன் சார். எங்கண்ணன் லாரியில இடம் இல்லன்னுட்டான். எனக்கு இங்க உக்கார்றதுக்கு நிறைய நேரம் இருக்கு."

அவர் ஒரு மாத்திரையைப் பிய்த்து விழுங்கினார். பிறகு வெடுக்கென்று எழுந்து சாக்பீஸை எடுத்தார். சுவரிலிருந்த கரும்பலகையில் அன்றைய வருகைக் குறிப்பை அழித்தார். ஹெட்மாஸ்டர் ஆவதற்கு முன் பதினெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதையோ நிரூபிக்கத்தான் ஆரம்பித்தார். சாக்பீஸ் பலகையில் ஆணி மாதிரி இறங்கியது.

"கீழே இருக்கற எண் வேற வேறயா இருந்தா கூட்ட முடியாது. முதல்ல ரெண்டையும் ஒரே அளவுத் துண்டாக்கணும். இது ரெண்டாக் கிழிச்சது. இது மூணாக் கிழிச்சது. ரெண்டையும் ஆறாக் கிழி. இதுல மூணு துண்டு, அதுல ரெண்டு துண்டு. மொத்தம்?"

"ஆறுல அஞ்சு."

"நாலுல ஒண்ணும் மூணுல ஒண்ணும்?"

பெரியவள் சாக்பீஸை வாங்கி எழுதினாள். ஏழில் இரண்டு என்று எழுதினாள்.

"மறுபடியும் அதையே செய்யற! அதுக்கா இவ்வளவு நேரம் கத்தினேன்?" அவர் மேசையைத் தட்டினார். "இந்த மண்டைக்கு இவ்வளவுதான்."

பெரியவளுக்குக் கண் நிறைந்தது. முள்ளு நிலைப்படியிலிருந்து அதட்டினாள்: "அழாத. அவரு கத்தறது இருக்கட்டும். பலகையப் பாரு."

பெரியவள் பலகையைப் பார்த்தாள். தான் எழுதியதை அழித்தாள். இரண்டு கோடு கிழித்து, ஒன்றை நான்காகவும் ஒன்றை மூன்றாகவும் பிரித்தாள். பிறகு இரண்டையுமே பன்னிரண்டாகப் பிரித்து எண்ணினாள். பன்னிரண்டில் ஏழு என்று எழுதினாள். அடுத்த கணக்கு. பத்தில் ஏழு. அடுத்தது. பன்னிரண்டில் பதினொன்று. இப்போது அவள் கோடு கிழிக்கவில்லை.

அவர் அடுத்ததாக முக்காலில் மூன்றில் ஒன்றைக் கழிக்கச் சொன்னார். கழித்தலை அவர் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

"கழிக்கறதும் இதே மாதிரிதானா சார்?"

அவர் கையைக் கட்டிக்கொண்டார். பெரியவள் பலகைப் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டில் ஐந்து என்று எழுதினாள்.

ஹெட்மாஸ்டர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய பழைய வேலை அவரையும் மீறி வெளியே வந்த மாதிரி, "ஒன்பதோட தலையக் கொஞ்சம் மூடி எழுது, நாலு மாதிரி இருக்கு," என்றார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"அழிச்சிடுங்க சார்," என்றாள் முள்ளு.

"எழுதினத அழிச்சா என் வேலை போயிடும். அது அங்கதான் இருக்கும். கீழே எழுதறேன்." நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பெரியவள் வாங்கி வாய்விட்டுப் படித்தாள்: "பின்னக் கணக்குகள் அறிவாள். ஐந்தாம் வகுப்பில் சேர்க்கலாம்."

"மத்த எட்டுக்கும்?"

"மத்தவங்க வந்து கேக்கட்டும். கேக்கறவங்களுக்கும் பரீட்சை வைப்பேன். இப்ப வழிய விடுங்க."

நன்றி என்று முள்ளு சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வயலுக்குத் திரும்பியபோது தார்ப்பாயின் கீழே ஒரே கூச்சல். சாக்குத் தைக்கிறவளின் பிள்ளை கயிற்றைத் தாண்டிப் போய் வாய்க்கால் கல்லில் விழுந்திருந்தது. நெற்றியில் கிழிசல், முகமெல்லாம் ரத்தம். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே ஓடிவந்து பெரியவளின் கன்னத்தில் அறைந்தாள்.

"படிக்கப் போனியா நீ? படிக்க? எம்புள்ள தலை பொளந்து கிடக்குது!"

முள்ளு அவள் கையை முறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் வெங்காயத்தின் மேலேயே விழுந்தார்கள். சரிங்கவும் மேஸ்திரியும் இழுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது.

"உன் மூத்தவன் அட்டையிலயும் மந்தம்னுதான் எழுதியிருக்காங்க! போய்ப் பாரு!" என்று கத்தினாள் முள்ளு. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "உம்மவன் அட்டையிலயும்தான். ஒன்பது பேருக்கும். ஒரே மை."

"எழுதினா எழுதிட்டுப் போறான், சாக்கு தூக்கறவனுக்கு எதுக்கு அட்டை?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவளை முறைத்தாள். மேஸ்திரி டிராக்டரை நோக்கிப் போனான்.

சாக்குத் தைக்கிறவள் பிள்ளையின் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டே கேட்டாள். இப்போது கத்தவில்லை. "எல்லாரும் போகட்டும். எம்புள்ளைய யாரு பாப்பா?"

முள்ளு டீச்சரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"அதுக்கு எங்க திட்டத்துல ஆள் இல்லம்மா," என்றாள் டீச்சர்.

"அப்ப உங்க திட்டத்துல புள்ளைங்களுக்கு அம்மாவே இல்ல போல." முள்ளு தலைத்துணியை உதறிக் கட்டினாள். "நான் பாக்கறேன். சிரிக்காதீங்கடி. நிசமாத்தான் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகளுக்கும் அவளுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலை மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிராக்டர் பெட்டியில் எட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். மத்தியானம் திரும்பினான். மூன்று அட்டையில் கீழே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தான். அதில் அவன் மகனுடையது இல்லை.

"உன்னாலதான் எனக்கு இந்த அசிங்கம். நாலு பேர் முன்னாடி நின்னான் எம்பையன், வாயே திறக்கல," என்றான் முள்ளுவிடம். பிறகு போகிற போக்கில், "சாமான் ஏத்தறப்ப உன் அடுப்ப முதல்ல ஏத்து. கடைசியில வந்து கத்தாத," என்றான்.

அடுத்த இடம் உருளைக்கிழங்கு. பிசுபிசுவென்ற கறுப்பு மண், எலும்பைக் குடைகிற குளிர். அங்கேயும் ஒரு ஆபீஸ், ஒரு கிளார்க். அவன் சிவப்பு வரியைப் படித்ததும் மூன்றாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்தான். "அதுக்குக் கீழயும் படிங்க," என்றாள் பெரியவள். அவன் படித்தான். முகம் சுளித்தான். ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்தான்.

தார்ப்பாயின் கீழே இப்போது முள்ளு இருந்தாள். ஏழு குழந்தைகள். முதல் வாரத்தில் இரண்டு அவளைக் கடித்தன. அவள் திட்டிய திட்டில் கிழங்கு தோண்டுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். ஒன்றுகூட வாய்க்கால் பக்கம் போகவில்லை. சரிங்க ஒற்றை ஆளாக வரிசை பிடித்தான். கை கொப்பளித்தது. ராத்திரிச் சாப்பாடு முன்பைவிடச் சுருங்கியது.

ஐந்தாவது வாரத்தில் மேஸ்திரி எல்லோரையும் கூப்பிட்டு, இன்னும் பத்து நாளில் கிளம்புகிறோம் என்றான். தெற்கே ஏதோ ஒரு கிழங்குக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம்.

மறுநாள் மத்தியானம் முள்ளு குழந்தைகளை அண்ணன் பெண்டாட்டியிடம் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் போனாள். அங்கே வருஷம் முழுக்கக் கிழங்கைத் தரம் பிரிக்கிற வேலை உண்டு. வெளியாட்களை எடுக்க மாட்டோம் என்றான் கிடங்குக்காரன். ஏன் எடுக்க மாட்டீர்கள் என்று ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் கழித்து, அவளுக்கும் அவள் புருஷனுக்கும் வேலையும் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்து அவளை அனுப்பிவைத்தான் அவன். விஷயத்தை அண்ணனிடம் சொன்னாள். அவன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். குழந்தைகளை யார் பார்ப்பது என்று ஆள் விட்டுக் கேட்டான். "அவன் பொண்டாட்டி பாக்கட்டும், அவளுக்கும் கடி வாங்கத் தெரியும்," என்று சொல்லியனுப்பினாள்.

பெரியவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சாயங்காலம் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வழியெல்லாம் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றுகொண்டாள். முள்ளு சின்னவளின் காலிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கணக்குப் புத்தகம் பாதிதான் ஆகியிருக்கு," என்றாள் பெரியவள். "இந்தத் தடவை முழுசா முடிக்கணும். நீ அடிச்சாலும் சரி, மாமா திட்டினாலும் சரி. நான் லாரியில ஏற மாட்டேன். அடுத்த இடத்துக்கு நான் வரல."

முள்ளு தலையை நிமிர்த்தவில்லை. விரலிடுக்குச் சேற்றைக் குச்சியால் நெம்பி எடுத்து வெளியே வீசினாள்.

"உன்ன யாருடி கூப்பிட்டா?"